வீட்டுக் கணினி படுத்துவிட்டதா? கடைக்குத் தூக்குமுன் செய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஒரு கணினி நின்றுபோனால் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். வயர்களை எல்லாம் கழற்றி, கேஸை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கோ வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கோ போவோம். இரண்டு நாள் கழித்து ஃபோன் வரும்: "போர்ட் போயிட்டு, மாத்தத்தான் வேணும்." அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ராமைக் கழற்றித் திரும்பப் போட்டிருந்தாலே சரியாகியிருக்குமா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு வழியில்லை.

அந்த வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வேலை எதுவும் இல்லை. மேசைக் கணினியில் பவர் சப்ளை (கரண்ட் கொடுக்கும் பெட்டி), மதர்போர்ட் (மற்றவை எல்லாம் சொருகும் பெரிய பலகை), ப்ரொசெசர் (கணக்குப் போடும் மூளை), ராம் (தற்காலிக நினைவகப் பட்டை), டிஸ்க் (கோப்புகள் இருக்கும் இடம்), சிலவற்றில் கிராஃபிக்ஸ் கார்ட் (திரைக்குப் படம் அனுப்பும் அட்டை) என்று ஒரு கைப்பிடி அளவு பாகங்களே உண்டு. எல்லாமே கழற்றிச் சொருகக்கூடியவை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் பழுது தானாக வெளியே வரும். இரண்டை ஒன்றாக மாற்றினால், கணினி ஓடினாலும் எது பழுதாக இருந்தது என்று தெரியாது. பாகம் வாங்குவது எப்போதும் கடைசி வேலை.

தேடும் வரிசையும் முக்கியம். முதலில் மின்சாரம், அடுத்து தொடுப்புகள், அப்புறம் வெப்பம், பிறகு டிஸ்க். இவை எல்லாம் சரி என்றால் மட்டுமே மதர்போர்டையும் ப்ரொசெசரையும் சந்தேகிக்கலாம். கடல் பக்கத்து ஊரில் இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. மாலையில் இடி மின்னல், இடையிடையே கரண்ட் போய் வருவது, ஈரக்காற்று, மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் உப்பு, காலி வீதிப் பக்கம் கறுப்புத் தூசி. இவை முதலில் தாக்குவது பவர் சப்ளையையும் உலோகத் தொடுப்புகளையும் விசிறிகளையும்தான்.

தொடுவதற்கு முன்

சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைக் கணினியிலிருந்து கழற்றுங்கள். அப்புறம் கேஸில் உள்ள பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி வடிந்துவிடும். எதைத் தொடுமுன்னும் கேஸின் வெறும் உலோகப் பகுதியை ஒரு தடவை கையால் தொடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் நிலைமின்சாரம் குளிர்நாடுகளில் போல வேகமாகச் சேராது. ஆனாலும் ஏசி அறையில் பாலியஸ்டர் சட்டையோடு வேலை செய்தால் அந்தத் தைரியம் வேண்டாம்.

தேவையான கருவிகள் குறைவு. நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவர், பெயின்ட் அடிக்கும் சிறிய தூரிகை, பென்சில் அழிரப்பர், டோர்ச், எட்டு ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ். முடிந்தால் ஒரு மலிவு மல்டிமீட்டர். புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் எலெக்ட்ரோனிக் கடைகளில் கிடைக்கும். எந்தக் கேபிளையும் கழற்றுமுன் அது இருக்கும் இடத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

ஒரே ஒரு தடை: பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் அதற்குள் சுமார் 325 வோல்ட் நேர்திசையாக மாறி, கபாசிட்டர் என்ற மின்சாரம் தேக்கும் பாகத்தில் நிற்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கலாம். பெட்டியை அப்படியே மாற்றுங்கள், உள்ளே கை வைக்க வேண்டாம்.

படி 1: பழுது எந்த இடத்தில் நிற்கிறது?

"வேலை செய்யவில்லை" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பட்டனை அழுத்தி, கணினி எதுவரை போகிறது என்று பாருங்கள். விளக்கு, விசிறி எதுவும் இல்லையா? விசிறி சுற்றியும் திரை கறுப்பாக இருக்கிறதா? கம்பனி லோகோ வந்து அதற்குப் பிறகு நிற்கிறதா? விண்டோஸ் வரை நன்றாக வந்து, ஓடிக்கொண்டிருக்கும்போது அணைகிறதா? இந்த நான்கில் உங்களுடையது எது என்று தெரிந்தால் கீழே உள்ளவற்றில் பாதியைப் படிக்கத் தேவையில்லை.

படி 2: உயிரே இல்லை

சிரிக்க வேண்டாம், பிளக் பொயின்டிலிருந்து தொடங்குங்கள். அதே பொயின்டில் ஃபோன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். பிறகு மல்டி பிளக், எக்ஸ்டென்ஷன் கோட், யூபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பட்டரிப் பெட்டி) எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கணினியை நேரடியாகச் சுவரில் கொடுங்கள். பல வீடுகளில் பழுது இந்த இடத்திலேயே முடிந்துவிடும். யூபிஎஸ் செத்திருக்கும், கணினி நன்றாக இருக்கும். பவர் கேபிளையும் மாற்றுங்கள். மொனிட்டரின் கேபிளும் பெரும்பாலும் அதே வகைதான். 13 அம்பியர் சதுர ஊசிப் பிளக் என்றால் உள்ளே ஒரு ஃபியூஸ் உண்டு, அதையும் பாருங்கள்.

பவர் சப்ளையின் பின்புறத்தில் உள்ள சிறிய சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். பழைய பெட்டிகளில் பக்கத்திலேயே 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அது 230இல் இருக்கவேண்டும். 115க்கு மாற்றிவிட்டு நம் ஊர்க் கரண்டைக் கொடுத்தால் சத்தத்தோடு வெடிக்கும்.

அடுத்து பவர் பட்டன். அது வெறும் சுவிட்ச், ஈரத்தில் துருப்பிடிக்கும். மதர்போர்டின் ஓரத்தில் பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர் சொருகியிருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதைக் கழற்றி, அந்த இடத்தில் ரீசெட் பட்டனின் வயரைச் சொருகிப் பாருங்கள். ரீசெட்டை அழுத்தும்போது கணினி உயிர்த்தால் பவர் பட்டன்தான் பழுது. அப்படியே விட்டுவிட்டு ரீசெட்டையே பவர் பட்டனாகப் பாவிக்கலாம். ஒரு சதமும் செலவில்லை.

இன்னும் இல்லையென்றால் பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்கலாம். எல்லாக் கேபிள்களையும் மதர்போர்டிலிருந்தும் டிஸ்கிலிருந்தும் கழற்றுங்கள். 24 ஊசிப் பெரிய சொக்கெட்டில் ஒரேயொரு பச்சை வயர் இருக்கும். அதையும் பக்கத்தில் உள்ள கறுப்பு வயரையும், வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்த பிறகே பிளக்கைக் கொடுத்து சுவிட்சைப் போடுங்கள். விசிறி சுற்றினால் பெட்டிக்கு உயிர் உண்டு. மல்டிமீட்டர் இருந்தால் டிஸ்குக்குப் போகும் பழைய நாலு ஊசிக் கேபிளில் அளக்கலாம்: மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட். இந்த எல்லைக்கு வெளியே போனால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான். உள்ளே இருந்தாலும் முழு நற்சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, சுமை ஏறியதும் சரியும் பெட்டிகள் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட் டெஸ்க் போன்ற கணினிகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. நல்ல கணினிகள், நானே பலருக்கு வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவற்றில் பலவற்றின் பவர் சப்ளை தனி வடிவம், தனி சொக்கெட். கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்டி பொருந்தாது, பேப்பர் கிளிப் வித்தையும் அவற்றுக்குச் செல்லாது. பதிலாக, டெல்லின் பல மொடல்களில் பவர் சப்ளையின் பின்னாலேயே ஒரு சோதனைப் பட்டனும் பச்சை விளக்கும் இருக்கும். பட்டனை அழுத்தும்போது விளக்கு எரியாவிட்டால், உள்ளே உள்ள கேபிள்களைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை அழுத்துங்கள். அப்போதும் எரியாவிட்டால் பெட்டி போய்விட்டது. கழற்றியதும் எரிந்தால், அந்தக் கேபிள் போகும் பாகங்களில் ஏதோ ஒன்று ஷோர்ட், அதாவது மின்சாரம் குறுக்கு வழியில் பாய்கிறது.

ஷோர்ட் என்றதும் எல்லோரும் மதர்போர்டை நினைப்பார்கள். முதலில் கேஸின் முன்பக்க யூஎஸ்பி சொக்கெட்டுகளை டோர்ச் அடித்துப் பாருங்கள். பென் டிரைவை முறுக்கி இழுத்து உள்ளே ஊசி வளைந்திருந்தால், அதுவே முழுக் கணினியையும் நிறுத்திவிடலாம். முன்பக்க யூஎஸ்பி கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு முயலுங்கள். எறும்புக் கூடு, கருகிய பல்லி ஆகியவற்றையும் தேடுங்கள். சூடான, இருட்டான இடம் என்றால் பல்லிக்குப் பிடிக்கும்.

படி 3: விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு

அதிகம் வரும் பழுது இது. அதிகம் ஏமாறுவதும் இதில்தான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் மொனிட்டரைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். மொனிட்டரின் கேபிளைக் கணினியிலிருந்து கழற்றினால் "சிக்னல் இல்லை" என்ற எழுத்து வரவேண்டும். வந்தால் மொனிட்டர் உயிரோடு இருக்கிறது. எழுத்தே வராவிட்டால், திரைக்கு மிக அருகில் டோர்ச்சைச் சாய்த்து அடியுங்கள். உள்ளே மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்விளக்குதான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளை வீட்டு டிவியில் கொடுத்துப் பார்ப்பது இன்னும் சுலபம்.

கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்றும் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்ட் இருக்கும் கணினியில் கேபிள் அந்தக் கார்டில் இருக்கவேண்டும், மேலே உள்ள மதர்போர்ட் சொக்கெட்டில் அல்ல. வீடு துடைத்து, மேசை நகர்த்திய அன்று வரும் கறுப்புத் திரைக்குப் பலமுறை இதுவே காரணம். மாறாக, கார்டைச் சந்தேகித்து அதைக் கழற்றி மதர்போர்டில் கொடுக்க நினைத்தால், உங்கள் ப்ரொசெசருக்குள் கிராஃபிக்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் ப்ரொசெசர்களில் இல்லை. மேசைக் கணினிக்கான ஏஎம்டி ரைசன் 5000 வரிசையிலும் அதற்கு முந்தியவற்றிலும் ஜி என்ற எழுத்து இருந்தால்தான் உண்டு.

அடுத்தது ராம். இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஈரக்காற்றில் ராமின் பொன்னிறப் பற்களில் மெல்லிய படலம் படியும். கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். கழற்றி, பென்சில் அழிரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் தட்டுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் அல்ககோல் இருந்தால் கொட்டன் துணியில் நனைத்துத் துடைப்பது இன்னும் நல்லது. கை கழுவும் சானிடைசர் ஜெல் இதற்கு ஆகாது, பிசுபிசுப்பை விட்டுச் செல்லும். சொக்கெட்டின் உள்ளே தூரிகையை ஓட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

திரும்பப் போடும்போது ஒரேயொரு ராமை மட்டும் போடுங்கள். நான்கு சொக்கெட் உள்ள பெரும்பாலான மதர்போர்ட்களில் அது ப்ரொசெசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது. "க்ளிக்" என்று பிடி மூடும்வரை அழுத்த வேண்டும், பயந்து பயந்து அழுத்தினால் பாதிதான் இறங்கும். வரவில்லையா? அதே ராமை வேறு சொக்கெட்டில். அதுவும் இல்லையா? அடுத்த ராமை, முதலில் முயன்ற சொக்கெட்டில். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் பழுது ராமிலா சொக்கெட்டிலா என்று பிரிந்துவிடும். டிடிஆர்5 ராம் உள்ள புதுக் கணினி என்றால் ஒவ்வொரு தடவையும் சில நிமிடம் பொறுங்கள். ராமை மாற்றிய பிறகு முதல் தடவை அது தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து.

மதர்போர்டே சில சமயம் பதில் சொல்லும். புதிய போர்ட்களின் ஓரத்தில் சிபியு (ப்ரொசெசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று எழுதிய நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் வழக்கு. பழையவற்றில் பீப் சத்தம் வரும். டெல், எச்பி கணினிகளில் பவர் விளக்கு ஒரு கணக்கில் மினுங்கும். எத்தனை தடவை என்று எண்ணி, மொடல் பெயரோடு கையேட்டில் தேடுங்கள். ஒரு கம்பனியின் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

எதுவும் பலிக்காவிட்டால் குறைந்தபட்ச நிலைக்கு வாருங்கள். ப்ரொசெசர், அதன் விசிறி, ஒரு ராம், பவர் சப்ளை, ப்ரொசெசருக்குள் கிராஃபிக்ஸ் இல்லாவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டும், அவ்வளவுதான். டிஸ்க், யூஎஸ்பி, வைஃபை கார்ட் எல்லாம் வெளியே. 24 ஊசிக் கேபிளோடு ப்ரொசெசருக்குப் பக்கத்தில் உள்ள 4 அல்லது 8 ஊசிக் கேபிளும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தால் விசிறி சுற்றும், ஆனால் வேறெதுவும் நடக்காது. இந்த நிலையில் திரை வந்தால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அது.

வட்ட பட்டரியும் அது செய்யும் குழப்பமும்

மதர்போர்டில் ஐந்து ரூபாய்க் குற்றி போல ஒரு பட்டரி உண்டு. சிஆர் 2032, 3 வோல்ட். மணிக்கூடு திருத்தும் கடையிலும் கிடைக்கும். இது தளர்ந்தால் திகதி பின்னோக்கிப் போகும், அதனால் பிரவுசரில் எல்லாத் தளங்களும் பாதுகாப்பற்றவை என்று கத்தும். இணையம் பழுது என்று பலர் ரூட்டரைப் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் மாற்றும்போது பயோஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) அமைப்புகள் எல்லாம் அழிந்து ஆரம்ப நிலைக்குப் போகும். டிஸ்க் முன்பு ஒரு முறையில் ஓடி, இப்போது வேறு முறைக்கு மாறினால் விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும். "விண்டோஸ் கரப்ட், ஃபோர்மட் பண்ணணும்" என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இதுதான். ஆகவே கணினி நன்றாக இருக்கும்போதே பயோஸுக்குள் போய் (வழி படி 4இல்), சாட்டா முறை (டிஸ்க் ஓடும் முறை), பூட் முறை (கணினி தொடங்கும் முறை) ஆகிய பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11 என்றால், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கரின் திறவுகோலையும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் தேடிப்பிடித்துக் கடதாசியில் எழுதுங்கள். பயோஸ் மாறியதும் அது 48 இலக்கத் திறவுகோல் கேட்டு நிற்கலாம். கையில் இல்லையென்றால் படங்களும் கோப்புகளும் அவ்வளவுதான்.

படி 4: லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை

பயோஸுக்குள் போங்கள். கணினியைப் போட்டதும் தட்ட வேண்டிய விசை, கம்பனியைப் பொறுத்து டிலீட், எஃப்2, எஃப்10 ஆகியவற்றில் ஒன்று. டிஸ்கின் பெயர் அங்கே தெரிகிறதா?

தெரியாவிட்டால் கணினியை அணைத்து, டிஸ்கின் சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் மாற்றுங்கள். சாட்டா கேபிள் மலிவு, அடிக்கடி தளரும், நாம் கடைசியாகத்தான் சந்தேகிப்போம். மதர்போர்டில் வேறு சாட்டா சொக்கெட்டும் முயலுங்கள். சூயிங்கம் வடிவ எம்.2 டிஸ்க் என்றால் ஸ்குரூவைக் கழற்றி, வெளியே எடுத்து, மீண்டும் சரித்துச் சொருகுங்கள்.

தெரிந்தால், பென் டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸை ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். நிறுவத் தேவையில்லை, முயன்று பார்க்கும் முறை போதும். லினக்ஸ் ஒரு மணி நேரம் சிக்கலின்றி ஓடினால் மதர்போர்ட், ராம், ப்ரொசெசர் மூன்றும் பெரும்பாலும் நலம். குறை டிஸ்கிலோ விண்டோஸிலோதான். எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை வேறில்லை, ஏனென்றால் அங்கிருந்தபடியே முக்கிய கோப்புகளை வெளி டிஸ்குக்கு எடுத்துவிடலாம்.

எடுப்பதுதான் முதல் வேலை, திருத்துவது பிறகு. "டிக் டிக்" என்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்கை ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் அதன் ஆயுள் குறைகிறது. அதில் விண்டோஸின் டிஸ்க் திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட விடாதீர்கள். அது முழு டிஸ்கையும் மணிக்கணக்கில் தேய்த்து, மிச்சத்தையும் முடித்துவிடலாம். கலியாணப் படங்கள் போல மாற்றில்லாத ஏதாவது அதில் இருந்தால் உடனே அணைத்து, தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைப்பது, தட்டுவது போன்ற வைத்தியங்கள் வேண்டவே வேண்டாம்.

சத்தமில்லாத டிஸ்கை விண்டோஸ் ஓடும் வேறு கணினியில் இணைத்து, அதன் உடல்நிலையைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். வட்டுச் சுற்றும் டிஸ்க் என்றால் மூன்று வரிகளைப் பாருங்கள்: 05, சி5, சி6. இவற்றில் எண்ணிக்கை பூச்சியமாக இருந்தால் நிம்மதி. சி5 கூடிக்கொண்டே போனால் டிஸ்க் வாசிக்க முடியாத இடங்கள் பெருகுகின்றன. இன்றே நகல் எடுங்கள். சி7 மட்டும் கூடினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம், டிஸ்கைத் தூக்கிப் போடாதீர்கள். சுற்றும் வட்டு இல்லாத எஸ்எஸ்டிக்கு இந்தக் கருணை எல்லாம் கிடையாது. முன்னறிவிப்பு இல்லாமலே ஒரு காலை கண்ணை மூடிவிடும்.

படி 5: ஓடிக்கொண்டிருக்கும்போது அணைகிறது

விண்டோஸ் நடந்தவற்றைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் "கேர்னல் பவர் 41" என்று சிவப்பு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கணினி முறைப்படி அணையாமல் நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

எப்போது அணைகிறது? விளையாட்டு, வீடியோ போன்ற பாரமான வேலையின்போது என்றால் வெப்பம் அல்லது பவர் சப்ளை. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ப்ரொசெசரின் வெப்பத்தைப் பாருங்கள். பெரும்பாலான ப்ரொசெசர்கள் 95 முதல் 100 பாகைக்கு அருகில் வேகத்தைத் தாமே குறைக்கும், அதையும் தாண்டினால் அணைந்துவிடும். சும்மா இருக்கும்போதே 70க்கு மேல் நின்றால் விசிறியையும் அதன் கீழே வெப்பத்தை இழுக்கும் உலோகக் கட்டியான ஹீட் சிங்கையும் கவனியுங்கள். கொழும்பு அறை வெப்பமே 30 பாகைக்கு அருகில் என்பதால், வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் 35 பாகையை எதிர்பார்க்க வேண்டாம்.

தூசி தட்டும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோவர் காற்றில் அது கட்டுப்பாடின்றிச் சுற்றினால் பெயாரிங் கெடும். வீதித் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு இருப்பதால் காற்று மட்டும் போதாது, தூரிகையும் வேண்டும். பழைய இன்டெல் விசிறிகளில் நான்கு மூலையிலும் அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் ஆணிகள் உண்டு. அவற்றில் ஒன்று தளர்ந்து, ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் காட்சி.

ப்ரொசெசருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே உள்ள வெப்பம் கடத்தும் பேஸ்டை மாற்றுவதென்றால் பழையதை அல்ககோலால் முழுதாகத் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும். ஏஎம்4 என்ற சொக்கெட்டில் பொருந்தும் ரைசன் ப்ரொசெசர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம். காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, ஹீட் சிங்கை இழுக்கும்போது ப்ரொசெசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். சில நிமிடம் கணினியை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துப் பிளக்கைக் கழற்றி, ஹீட் சிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பிய பிறகே தூக்குங்கள்.

நேரகாலமில்லாமல் நீலத் திரை வந்தால் மீண்டும் ராம். விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னோஸ்டிக் ஒரு ஆரம்பம், மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுக்க ஓடவிடுவது நம்பகமானது. ஒரு பிழை வந்தாலும் பிழைதான்.

வீட்டில் பிரிட்ஜ் போடும்போது, விளக்கு மினுங்கும்போது கணினி ரீஸ்டார்ட் ஆனால் சந்தேகம் யூபிஎஸ் மேல். வீட்டு யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி ஈய அமிலப் பட்டரி. முழுதாக வடியும் ஒவ்வொரு தடவையும் அது நலிகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் நின்ற காலத்தில் பாடுபட்ட பட்டரிகள் இன்னும் சில வீடுகளில் மேசைக்குக் கீழே கிடக்கின்றன, பச்சை விளக்கு எரிகிறது என்ற நம்பிக்கையில். சோதிப்பது எளிது. கணினியை பயோஸ் திரையில் நிறுத்திவிட்டு யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பயோஸில் எந்தக் கோப்பும் திறந்திருக்காததால் நஷ்டமில்லை. உடனே அணைந்தால் பட்டரி முடிந்தது. பட்டரியை மட்டும் மாற்றலாம், முழு யூபிஎஸ் வாங்கத் தேவையில்லை. லேசர் பிரிண்டரை மட்டும் அதில் கொடுத்துவிடாதீர்கள், அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூபிஎஸ் தாங்காது.

2025 பெப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும் கணம்தான் ஆபத்து. போனதும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடலாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி முழங்கும்போது சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றுங்கள். செம்புத் தொலைபேசி லைனில் ஓடும் ரூட்டர் என்றால் அந்த லைனையும். மின்னல் அந்த வழியாக ரூட்டருக்குள் வந்து, லான் கேபிளால் மதர்போர்டை எரிக்கும்.

கேஸைத் தொட்டால் சுர்ரென்கிறதா?

இது பெரும்பாலும் கணினியின் பழுதல்ல, வீட்டு எர்த்தின் பழுது. பவர் சப்ளையின் வடிகட்டி, எர்த் வயர் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தைக் கசியவிடும்படியே அமைக்கப்பட்டது. எர்த் இல்லையென்றால் அது கேஸில் நிற்கும். இரண்டு ஊசி அடப்டர், எர்த் இல்லாத மலிவு மல்டி பிளக், பழைய வட்ட ஊசிப் பொயின்ட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று எர்த்தைத் துண்டித்திருக்கும். மூன்று ஊசியும் நேரடியாகச் சேரும்படி மாற்றுங்கள். அப்படியும் சுர்ரென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

லேப்டொப்

வீட்டில் செய்யக்கூடியது குறைவு. அடப்டரைக் கழற்றி, கழற்றக்கூடிய பட்டரி என்றால் அதையும் எடுத்து, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திவிட்டு அடப்டரில் மட்டும் போட்டுப் பாருங்கள். செத்தது போல இருந்த பல லேப்டொப்கள் இதில் எழும்பும். திரை கறுப்பென்றால் டிவியில் இணையுங்கள். டச் பேட் மேலே தூக்கிக்கொண்டாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை நிறுத்தி, குத்தாமல், அழுத்தாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். குப்பையில் போட வேண்டாம், தீப்பிடிக்கும்.

கடைக்குப் போகும்போது

இவ்வளவும் செய்து மதர்போர்ட் அல்லது ப்ரொசெசர் என்று வந்தால் அப்போது கடை. டோர்ச் அடித்து மதர்போர்டில் உள்ள உருளைக் கபாசிட்டர்களின் தலையையும் ஒரு தடவை பாருங்கள். தட்டையாக இருக்கவேண்டிய தலை உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ, அதைக் கடைக்காரரிடம் முதலிலேயே காட்டுங்கள்.

டிஸ்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள். மதர்போர்டைப் பார்க்க உங்கள் குடும்பப் படங்கள் தேவையில்லை. மற்றப் பாகங்களின் சீரியல் எண்களைப் படம் எடுங்கள். வொரண்டி ஸ்டிக்கரில் திகதி மிச்சமிருந்தால் வாங்கிய கடைக்கே பில்லோடு போங்கள், ஸ்டிக்கரைச் சுரண்டாதீர்கள். "வேலை செய்யவில்லை" என்று சொல்லாமல், "வேறு பவர் சப்ளை போட்டுப் பார்த்தேன், இரண்டு ராமையும் தனித்தனியாகப் பார்த்தேன், டிராம் விளக்கு அணையவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரிப் போகும். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொகைக்கு மேல் ஏதாவது செய்வதென்றால் ஃபோன் பண்ணிய பிறகே செய்யச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கணினிக்குப் பாவித்த மதர்போர்ட் தேடி இக்மன் விளம்பரத் தளத்தில் அலைவதானால், ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் பயோஸ் திரையைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11ஐ ஏற்காத போர்டுக்குப் பெரிய தொகை போடுவது வீண். அந்தப் பணத்தில், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 உள்ள கொஞ்சம் புதிய செட் ஒன்றைத் தேடலாம். உங்கள் பழைய டிஸ்கும் பவர் சப்ளையும் கேஸும் நன்றாக இருந்தால், ப்ரொசெசர், மதர்போர்ட், ராம் மூன்றையும் ஒன்றாக வாங்கினால் போதும்.